முழுதாகக் குனியாதவன்

விசில்காரர் பிறக்கும்போதே விசிலோடு பிறந்துவிடவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அது அவர் கழுத்தில் ஏறியது. ஏறிய பிறகு குளிக்கும்போது மட்டும்தான் இறங்கியது. அதற்கு முன்னால் அவரும் அந்தப் பார்சல் கிடங்கில் மற்றவர்களைப் போலப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஆள்தான். யாராவது அதை ஞாபகப்படுத்தினால் இப்போதெல்லாம் அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

ஒருநாள் லாரிக்குள் நின்ற ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தைத் தனியாளாக நகர்த்தப் போனார். இடுப்பில் சடக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டதாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சாமான் அது. இன்னொரு ஆள் வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் மேலிடத்திலிருந்து வந்த யாரோ அப்போது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலிடத்து ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் நம்மவருக்குத் தலைகால் புரியாது. கம்பெனி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. குணமாகி வந்ததும் இனித் தூக்க வேண்டாம் என்று லேசான வேலைக்கு மாற்றியது. வேலையில் அடிபட்டவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அவ்வளவுதான். இவரோ அது தன் முகராசிக்குக் கிடைத்த மரியாதை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

லேசான வேலை என்றால், வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரி பின்பக்கமாக வரும்போது எழுந்து நின்று “வா, வா, வா, போதும்” என்று கையாட்டுவது. சில வருடம் கையாட்டினார். அதன் பிறகுதான் கிடங்குக்கு உடற்பயிற்சி வந்தது.

புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார். எதைச் செய்தாலும் படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. கழிப்பறைக்குப் புதுக் குழாய் போட்டால்கூட அதன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டு ஒரு படம். அந்த நேரம் பார்த்து, லோடு இறக்குகிற ஆட்களுக்கு ஆங்காங்கே முதுகு போய்க்கொண்டிருப்பதால், பளு தூக்குவதற்கு முன்னால் எல்லோரும் உடம்பைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. உத்தரவைக் குறை சொல்லக்கூடாது, நல்ல உத்தரவுதான். விறைத்துக் கிடக்கிற தசையை எடுத்த எடுப்பில் இழுத்தால் அது கோபித்துக்கொள்ளத்தான் செய்யும். முதலில் கொஞ்சம் நடக்க வேண்டும். கையைக் காலை வீச வேண்டும். மூச்சு சற்று வேகம் பிடித்து, உடம்பில் லேசாகச் சூடு ஏறிய பிறகு, என்ன வேலை செய்யப் போகிறோமோ அதற்கான அசைவுகளை மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும். அந்தச் சூடு ஆறுவதற்குள் வேலையில் இறங்கிவிட வேண்டும். கூட வந்த தாளில் இவ்வளவும் எழுதியிருந்தது. பக்கத்தில் படங்களும் போட்டிருந்தார்கள். மேனேஜர் படங்களைப் பார்த்ததோடு சரி.

படங்களுக்குள் பார்வைக்கு எடுப்பாக இருந்தது, குனிந்து கால்விரலைத் தொடுவது. அத்தனை பேரும் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் குனிந்தால் எவ்வளவு பிரமாதமாக இருக்கும்! ஆகவே அந்தக் கிடங்கில் உடற்பயிற்சி என்றால் குனிவது, நிமிர்வது, மறுபடி குனிவது. நடையும் கிடையாது, கைவீச்சும் கிடையாது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்த உடம்பு, வந்து நின்றதும் மடாரென்று இரண்டாக மடிய வேண்டும்.

இதை நடத்த ஓர் ஆள் வேண்டுமே. தூக்குகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அலுவலக ஆட்கள் அந்த அதிகாலையில் வருவதில்லை. வேலை வெட்டி இல்லாமல் இருந்தது வாசலில் கையாட்டுகிறவர் ஒருவர்தான். மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கழுத்தில் விசிலை மாட்டினார். கிடங்கிலேயே குனிய முடியாத ஒரே மனிதர் மற்ற எல்லோரையும் குனிய வைக்கிறவர் ஆனது இப்படித்தான். ஒரு மரப்பெட்டியின் மேல் விறைப்பாக ஏறி நிற்பார். விசிலை ஊதி “குனி!” என்று கையைக் கீழே காட்டுவார். “நிமிர்!” என்று மேலே காட்டுவார். அவர் செய்த பயிற்சி அந்த ஒரு கையோடு முடிந்தது.

ஆட்கள் அவருக்குப் பின்னால் ‘குனி-நிமிர்’ என்றார்கள். முகத்துக்கு நேரே ‘விசில்காரரே’ என்றார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள். அவருக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தாலும் விசில் பேச்சுதான். அவர் மனைவி ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். ஓட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை நீராவி மெஷினில் கொடுத்து மடித்து அடுக்குகிற வேலை. காலையில் நின்றால் சாயங்காலம்வரை நின்றபடியேதான். கால் வீங்கிப்போய் வருகிற அவளை எதிரே நிற்க வைத்து, “இன்னைக்கு மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். அவளும் அலுக்காமல் கேட்பாள். அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு மதிப்பு. எதைப் பார்த்து மதித்தாள் என்று கேட்டால் நமக்குப் பதில் தெரியாது.

அவளுடைய தம்பியும் அவர்களோடுதான் இருந்தான். முப்பதை ஒட்டிய வயது. வாட்டசாட்டமான ஆள், வெகுளி. அத்தான் சொல்லித்தான் கிடங்கில் லோடு இறக்க வேலைக்குச் சேர்ந்தான். அத்தான் விசில் ஊதினால் வரிசையிலேயே மும்முரமாகக் குனிகிறவன் அவன்தான். வீட்டு ஆளாயிற்றே, அத்தானுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நினைப்பான்.

இனி, அந்தப் பயிற்சியின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். விடிந்து வெளிச்சம் வந்ததும் படம் நன்றாக விழும் என்று மேனேஜர் அந்த நேரத்தைக் குறித்திருந்தார். ஆட்கள் குனிவார்கள், நிமிர்வார்கள், மேனேஜர் படம் எடுப்பார், எடுத்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கை கழுவிவிடுவார். சரி, வேலையை ஆரம்பிக்கலாம் என்றால் லாரி வந்திருக்காது. துறைமுகத்திலிருந்து கிளம்பி, இரண்டு சோதனைச் சாவடிகளில் நின்று, அது வந்து சேர ஒரு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அதுவரை ஆட்கள் ஷட்டருக்குப் பக்கத்தில் சிமெண்டுத் திண்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தகரக் கூரை, திறந்த வாசல், நேராக முகத்தில் அடிக்கிற காற்று. குனிந்து நிமிர்ந்ததில் வந்திருந்த கொஞ்சநஞ்சச் சூடும் அங்கேயே ஆறிப்போகும். கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது லாரி வரும். வந்ததும் ஒரே களேபரம், “சீக்கிரம், சீக்கிரம்!” கதவைத் திறந்தால் முதலில் நிற்பது எப்போதும் பெரிய பெரிய உருப்படிகளாகத்தான் இருக்கும்.

வரிசையில் கடைசியாக நிற்கிற நெட்டையன் ஒருவன் இருந்தான். வாய் சும்மா இருக்காது. அவன்தான் ஒருநாள் கேட்டான்.

“ஏன் விசில்காரரே, டீயைக் கொதிக்க வச்சு இறக்கிட்டு, ஆறி அவலாகிற வரைக்கும் காத்திருந்து குடிப்பீங்களா?”

“எதுக்குடா கேக்கற?”

“இல்ல, எங்க உடம்ப அப்படித்தானே பண்றீங்க. லாரி வாசல்ல வந்து நிக்கறப்ப இந்தக் குனி நிமிரை வச்சுக்கிட்டா என்ன? அதுக்கு முன்னாடி இந்த வளாகத்தை ரெண்டு சுத்து நடந்து வந்தா என்ன? அந்தத் தாள்லயே அப்படித்தான் போட்டிருக்காம்.”

“லாரி வந்தப்புறம் உன்னைக் குனிய விட்டுட்டு வேடிக்கை பார்ப்பாங்களா? அது வேலை நேரம்டா.”

“அப்ப எங்க முதுகு எந்த நேரத்துல உடையுதாம்?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. “அத்தான், அவன் சொல்றது நியாயமாத்தான் இருக்கு. நீங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு” என்றான். எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னதில் விசில்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இன்னைக்கே பேசறேன்” என்றார்.

பேசத்தான் போனார். விசில்காரர் மேனேஜர் அறைக்குள் போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள். உள்ளே மேனேஜர் அவரை உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. படங்களைத் தலைமை அலுவலகம் பாராட்டியிருப்பதாகச் சொன்னார். ‘நம்ம கிடங்குதான் மத்தவங்களுக்கு முன்மாதிரி’ என்றார். அலமாரியைத் திறந்து கம்பெனி சின்னம் போட்ட நல்ல கனமான குளிர்சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விசில்காரர் அதை அங்கேயே போட்டுக்கொண்டார். வெளியே வரும்போது, எதற்காகப் போனோம் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

“என்ன சொன்னாரு?” என்றான் நெட்டையன்.

“யோசிக்கறேன்னு சொல்லியிருக்கார்.”

நெட்டையன் குளிர்சட்டையை மேலும் கீழும் பார்த்தான். “உங்களுக்கு மட்டும் இனிமே சூடு ஆறாது” என்றான்.

நன்றாகக் குளிர் அடித்த ஒரு காலையில்தான் அது நடந்தது. வழக்கம்போலக் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், படம் எடுத்தார்கள். லாரி அன்று மிகவும் தாமதம். திண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆட்களுக்குக் கை மரத்துப்போயிருந்தது. வந்ததும் மச்சினன்தான் முதலில் உள்ளே ஏறினான். ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி. அடியில் கையைக் கொடுத்துக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. “அக்கா!” என்று ஒரு சத்தம் போட்டான். அக்கா அங்கே எங்கே இருக்கிறாள்? நெட்டையனும் இன்னொருவனும் சேர்ந்து அவனை ஒரு டிராலியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

முதுகெலும்பில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். இடது காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. அறுவை சிகிச்சை வேண்டும், பிறகு மாதக்கணக்கில் படுக்கை. தினமும் யாராவது பிடித்து எழுப்பி, கால்களை அசைத்துவிட வேண்டும். மறுபடி பளு தூக்கவே கூடாது. வேலை நேரத்தில் ஏற்பட்ட பாதிப்பு என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் சிகிச்சையும் நடக்கும், பிறகு லேசான வேலையும் கிடைக்கும். விசில்காரருக்கு நடந்த மாதிரியேதான். ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டும் கிடையாது.

அக்காக்காரிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. “நீங்க அங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்?” என்றாள் புருஷனிடம்.

விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் விசில்காரரைக் கூப்பிட்டு மறுபடி உட்காரச் சொன்னார். அதட்டவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ‘பயிற்சி ஒழுங்காக நடந்தும் ஓர் ஆளுக்கு இப்படி ஆயிற்று என்றால் பயிற்சியில்தான் கோளாறு என்று ஆகிவிடும். பயிற்சியை நடத்துகிறவர் யார் என்று கேட்பார்கள்’ என்றார். பிறகு, பக்கத்திலுள்ள மற்ற கிடங்குகளிலும் இதே பயிற்சியைக் கொண்டுவரப் போவதாகவும், எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் தேவைப்படும் என்றும் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. விசில்காரர் குறிப்பறிந்து நடக்கிறவர்.

விசாரணைக்கு வந்த அம்மா நிதானமான ஆள். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

“அன்னைக்குக் காலைல அவர் பயிற்சிக்கு வந்திருந்தாரா?”

“வந்திருந்தார் மேடம்.”

“செஞ்சாரா?”

மேனேஜர் மேசையில் இருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் எடுத்த படங்களில் முன்னால் நிற்கிறவர்கள்தான் தெளிவாக விழுவார்கள், பின்னால் நிற்கிற மச்சினன் மறைந்துவிடுவான்.

“செஞ்சார் மேடம்” என்றார் விசில்காரர். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். “ஆனா முழுசா குனியல.”

“அப்படின்னா?”

“கால்விரலைத் தொடணும் மேடம். இவர் முழங்காலுக்குக் கீழ கொஞ்ச தூரம் போய்ட்டு நிமிர்ந்துடுவார்.”

“அன்னைக்கு மட்டுமா?”

“எப்பவுமே அப்படித்தான் மேடம். நானும் பல தடவை சொல்லிப் பார்த்துட்டேன்.”

அந்த அம்மா எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி இன்னொன்றும் கேட்டார். “பயிற்சி முடிஞ்சதும் நேரா வேலைக்குப் போயிடுவாங்களா? நடுவுல இடைவெளி ஏதாவது உண்டா?”

இந்தக் கேள்வி ஒன்று போதும், மச்சினன் பிழைத்துவிடுவான். உள்ளதைச் சொன்னால் தீர்ந்தது. விசில்காரரின் மனசு என்ன நினைத்தது தெரியுமா? ‘எல்லாக் கிடங்குக்கும் போய்வர வண்டி கொடுப்பார்களா’ என்று நினைத்தது.

“இடைவெளியே இல்ல மேடம். உடனே இறங்கிடுவாங்க.”

அறையை விட்டு வெளியே வந்தபோது தான் பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. குனிவது என்பதற்கு ஓர் அளவு கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? ஒருவனுக்கு முழுசு, இன்னொருவனுக்கு முக்கால். இப்படியெல்லாம் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் வெளியே வந்தபோது அறை வாசல் பெஞ்சில் நெட்டையன் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தான். ‘போதும், நீ போகலாம்’ என்று மேனேஜர் அவனை அனுப்பிவிட்டார். அந்த அறையின் பலகைத் தடுப்பு கூரைவரை போகாது என்பதை விசில்காரர் அப்போது யோசிக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. கம்பெனி வகுத்த பயிற்சியை அடிபட்டவர் ஒழுங்காகச் செய்யாததால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. அக்காக்காரி இருந்த நகையை விற்று, சலவைக்கூடத்தில் முன்பணத்துக்குக் கைநீட்டி, தம்பிக்கு அறுவை சிகிச்சை செய்தாள். அவனுக்கு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து கட்டிலோடு கிடந்தான்.

‘ஒழுங்காகச் செய்யவில்லை’ என்றால் என்ன அர்த்தம் என்று மச்சினனுக்குப் புரியவில்லை. யாரைக் கேட்பான்? அத்தானைத்தான் கேட்டான்.

“நான் சரியா குனியலையாமே அத்தான்?”

அறையில் மேனேஜர் இல்லை. பேனா மூடி இல்லை. விசாரணைக்கு வந்த அம்மா இல்லை. கட்டிலில் ஒருவன், நாற்காலியில் ஒருவர், அவ்வளவுதான். இங்கேயாவது சொல்லியிருக்கலாம். விசில்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் குறைச்சலாத்தான்டா குனிவே நீ. நானே சொல்லணும்னு நினைச்சேன்.”

“எனக்கு முழுசா குனியற மாதிரியேதான் அத்தான் இருந்துச்சு.”

“குனியறவனுக்கு அப்படித்தான் தோணும். மேல நின்னு பார்க்கறவனுக்குத்தான் தெரியும்.”

அவன் அதை நம்பினான். அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அக்காவும் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? தம்பிக்கு மருந்து கொடுக்கும்போதெல்லாம் இடித்துக்காட்டினாள். “சின்ன வயசுலேர்ந்தே எல்லாத்தையும் அரைகுறையாத்தான்டா செய்வே. அத்தான் பேரைக் காப்பாத்தறதுக்காவது ஒழுங்கா குனிஞ்சிருக்கக்கூடாதா? அவர் உனக்காக அங்க எவ்வளவு போராடியிருப்பார்!” அவன் தலையைக் குனிந்துகொண்டு “தப்புதான்க்கா” என்பான். விசில்காரர் பக்கத்து அறையில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள்கூட எழுந்து வந்து ‘விடும்மா, பாவம்’ என்று சொன்னதில்லை. சொன்னால் பேச்சு வளரும். அவருக்குப் பேச்சு வளர்வது பிடிக்காது.

மத்தியானத்தோடு விசில்காரருக்கு வேலை முடிந்துவிடும். மேற்பார்வை வேலை கிடைத்த பிறகு அதற்கும் முன்பே முடிந்தது. சாயங்காலம் மனைவி வரும்வரை மச்சினனைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுப்பது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் தோளைக் கொடுத்து மெதுவாக எழுப்பி நடத்திக்கொண்டு போவது. அதைச் செய்துவிட்டு, மனைவி வந்ததும் என்னென்ன செய்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்வார்.

ஒரு மத்தியானம் நெட்டையன் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். விசில்காரர் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நெட்டையன் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்தான்.

“எப்படிடா இருக்க?”

“பரவாயில்லண்ணே. எல்லாம் நானே இழுத்துவிட்டுக்கிட்டது. முழுசா குனிஞ்சிருந்தா இந்தக் கதி வந்திருக்காது.”

“யாருடா உனக்குச் சொன்னது முழுசா குனியலன்னு?”

“எல்லாரும்தான் சொல்றாங்க. கம்பெனி பேப்பர்லயே போட்டிருக்காங்களே.”

“டேய், நான் உனக்கு நேர் பின்னால நின்னவன்டா. காலைல கண்ணைத் திறந்தா உன் பின்பக்கத்தைத் தவிர வேற எதையும் நான் பார்த்ததில்ல. உள்ளங்கையே தரையில படும் உனக்கு. வரிசையிலயே நீ ஒருத்தன்தான்டா முழுசா குனிஞ்சவன்.”

மச்சினன் சிரிக்கப் பார்த்தான். “அப்புறம் ஏன்ணே அப்படிப் போட்டாங்க?”

நெட்டையன் அப்போதுதான் நாற்காலிப் பக்கம் திரும்பினான். “உங்க அத்தான் சொன்னார், போட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையா கேட்டேன். நடுவுல இடைவெளி உண்டான்னு அந்தம்மா கேட்டுச்சு. இல்லவே இல்லன்னார். என்ன விசில்காரரே, நான் ஏதாவது கூட்டிச் சொல்றேனா?”

விசில்காரர் நகவெட்டியை மடக்கினார். மறுபடி பிரித்தார். “உனக்கு ஒண்ணும் தெரியாது. நிர்வாக விஷயம் அது” என்றார். நெட்டையன் எழுந்தான். “பழத்தைச் சாப்பிடுடா” என்று மச்சினன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

மச்சினன் கத்துவான், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான் என்று விசில்காரர் எதிர்பார்த்தார். அப்படி ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். செய்தால் பதிலுக்கு இவரும் கோபப்படலாம், ‘உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்’ என்று ஆரம்பிக்கலாம். அவன் ஒன்றும் செய்யவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் கால் அசைவதையும், முழங்கையை ஊன்ற முயற்சி செய்வதையும் விசில்காரர் பார்த்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும்போல. எழுந்து வந்து வழக்கம்போலத் தோளைக் கொடுத்தார்.

“வேணாம் அத்தான்.”

“போகணும்தானே?”

“அக்கா வரட்டும்.”

“அவ வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்! அதுவரைக்கும் எப்படிடா அடக்குவ?”

“பரவாயில்ல. அக்கா வரட்டும்.”

குரலில் கோபமே இல்லை. விசில்காரர் தோளைத் தாழ்த்தியபடி சிறிது நேரம் நின்றார். பிறகு நாற்காலிக்குப் போனார். ஜன்னல் வெளிச்சம் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. கட்டிலில் கிடந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு, விரிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சின்ன அறையில் அந்த மூச்சைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு முறை இவர் எழுந்தார். இரண்டு முறையும் அவன் தலையை அசைத்தான்.

படியில் மனைவியின் காலடிச் சத்தம் கேட்டதும் விசில்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். சொல்லப் போகிறான். அவள் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறான். சலவைப்பொடி வாசனையோடு அவள் உள்ளே வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

“என்னடா, இப்படி வேர்த்திருக்கு? போகணுமா? எப்பலேர்ந்துடா? அத்தான் இங்கதானே இருக்கார், கூப்பிட்டிருக்கக்கூடாதா?”

அவன் அத்தானைப் பார்த்தான். பிறகு அக்காவின் வீங்கிய கால்களைப் பார்த்தான். இந்த வீட்டில், இந்த மனுஷனோடு, அவள் இனியும் காலம் தள்ளியாக வேண்டும்.

“அத்தானுக்கு முதுகு ரொம்ப வலிக்குதுக்கா. என்னைத் தூக்கினா மோசமாயிடும். அதான் நானே வேணாம்னுட்டேன்.”

அவள் உடனே பதறிப்போனாள். “அய்யோ, ஏங்க, சொல்லவே இல்லையே!” தம்பியைக் கைத்தாங்கலாக எழுப்பி, அவன் பாரம் முழுவதையும் தன் தோளில் வாங்கிக்கொண்டு கழிப்பறைவரை நடத்திப் போனாள். காத்திருந்து கூட்டிவந்து படுக்கவைத்தாள். பிறகு முகம்கூடக் கழுவாமல் தைலப்புட்டியை எடுத்துக்கொண்டு வந்து, தரையில் பாயை விரித்துப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“திரும்பிப் படுங்க. எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்யறீங்க, உங்க உடம்பை யாரு பார்க்கறது?”

விசில்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார். நாள் முழுக்க நின்ற களைப்போடு, வெந்து சிவந்த கைகளால் அவள் அவர் முதுகில் தைலம் தேய்த்தாள். எதிரே கட்டிலில் மச்சினன் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு முதுகு வலிக்கவே இல்லை.